வள்ளி கேட்ட முகம்

"மனசத் தொட்டுச் சொல்லுங்க, இதுல எதுங்க மனுச மூஞ்சி?"

கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படங்களைக் காட்டித்தான் சண்முகவள்ளி கேட்டாள். அவள் கணவர் மருதுபாண்டி தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. உப்பிய கன்னம், காதுப்பக்கம் விலகிப்போன கண், தடித்துப் பிளந்த உதடு, பச்சையும் ஊதாவுமாய்த் தோல். ஒரு வருஷமாக அவர் வரைகிற எல்லா முகமும் இந்த லட்சணம்தான். மாரியூரில் அவருக்குப் 'பேய்ப்பட வாத்தியார்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சென்னைக்காரர்களோ, உள்ளத்து உணர்ச்சிக்காக உருவத்தைக் குலைத்து வரையும் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் என்று கொண்டாடினார்கள். இந்தக் காலத்து மனிதனின் தனிமையை இவரைப் போல யாரும் வரைந்ததில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர்களுக்கென்ன, ஏசி ஹாலில் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இந்த மூஞ்சிகளோடு குடித்தனம் நடத்துகிறவள் வள்ளிதானே?

"நம்ம வினோத்து சிரிச்ச மாதிரி ஒரே ஒரு படம் போட்டுக் குடுங்கன்னு எத்தன நாளாக் கேக்குறேன்! அவன் செல்போனோட எல்லாப் போட்டோவும் போயிருச்சு. வீட்ல இருக்கது ஆதார் கார்டு படம் ஒண்ணுதான். அதப் பாத்தா பெத்தவளுக்கே அடையாளம் தெரியல."

"போடுறேன் வள்ளி."

"இலங்கை ஜெயில்ல இருந்து புள்ள வரும்போது சுவத்துல அவன் படம் இருக்கணும். நான் மங்கலம் போயி, பூசாரிகிட்டக் குறி கேட்டுட்டு வாரேன். வாரதுக்குள்ள வரைஞ்சு வைக்கணும், ஆமா!"

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஆர்.எஸ்.மங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போவது வழக்கம். அண்ணன் பிள்ளைகளுக்கு என்று தூக்குவாளியில் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். 'வருவான்னு குறி வந்திருக்கு' என்று திருநீறோடு திரும்புவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மருதுபாண்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஏனென்றால் வினோத்குமார் வரமாட்டான். அது அவருக்குத் தெரியும்.

கூட்டாளிகளோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவன் அவன். காற்றில் வள்ளம் கவிழ்ந்து, மற்றவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இவன் மட்டும் சேரவில்லை. இலங்கை நேவி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. சில நாள் கழித்து, ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, அடையாளம் பார்க்க வாருங்கள் என்று ராமநாதபுரத்திலிருந்து போலீஸ்காரர் கூப்பிட்டார். "நீ வரவேணாம்" என்று வள்ளியைத் தடுத்துவிட்டு அவர் தனியாகப் போனார்.

பிணவறையில் துணியை விலக்கினார்கள். பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா? பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐயோ, இந்த முகத்தையா அவள் முன்னால் கொண்டுபோய்க் கிடத்துவது? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எம் மகன் இல்ல சார்."

வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னார். பிள்ளையை அநாதைப் பிணமாக்கிவிட்டோமே என்று மறுகினார்; எந்தக் குழியில் போட்டு மூடினார்களோ என்று விசாரிக்கக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. அன்று முதல் யாரை வரைந்தாலும் அந்த முகமாகவே வந்து நின்றது.

இன்றைக்கு எப்படியும் வரைந்துவிடுவது என்று உட்கார்ந்தார். தெத்துப்பல் தெரியச் சிரிப்பான் வினோத். அந்தப் பல்லிலிருந்தே ஆரம்பித்தார். பல் சரியாகத்தான் வந்தது. சுற்றி உதட்டைப் போட்டார், அது தடித்தது. கன்னம் உப்பியது. கண் காதுப்பக்கம் நகர்ந்தது. அழித்து அழித்துப் போட்டும் அதே கதைதான்.

பொழுது சாயும் நேரம் வள்ளி காலித் தூக்குவாளியோடு வந்து நின்றாள். படத்தையே பார்த்தாள்.

"என்னால முடியல வள்ளி!" அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் பாவி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில கெடந்தது நம்ம புள்ளதான். தெரிஞ்சே இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அநாதையா விட்டுட்டேன்!"

வள்ளி அலறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அநாதையா விடலங்க. பெத்த மனசு கேக்கல, மறுநாளே அண்ணனக் கூட்டிக்கிட்டு நானும் போயிப் பாத்தேன். நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். மங்கலத்துல அண்ணன் வயக்காட்டுல அடக்கம் பண்ணிருக்கோம். இப்பக்கூட அவனுக்குப் பணியாரம் வச்சுட்டுத்தான் வாரேன்."

மருதுபாண்டி திக்கித் திக்கிக் கேட்டார்.

"அப்ப... ஜெயில்ல இருந்து வருவான்னு சொன்னது?"

"அந்த நெனப்புலதான் நீங்க உசுரோட இருக்கீகன்னு நெனச்சேன்" என்றவள் படத்தின் பக்கம் திரும்பினாள். "அங்கன பாத்ததுல இருந்து எனக்கும் கண்ணுல இந்த மூஞ்சிதாங்க நிக்குது. அவன் சிரிச்ச மூஞ்சி உங்களுக்காச்சும் ஞாபகம் இருக்கும்னுதான் வரையச் சொன்னேன்."