மேட்டிலிருந்து போன் வரவில்லை

திரையின் நடுவில் அடர்நீலத்தில் ஒரு குழி விழுந்திருந்தது.

அவ்வளவு குளிர்ந்த குழியை அந்த வானிலை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

"ஆலங்கட்டிதான் சார். சந்தேகமே இல்ல," என்றாள் புதிதாகச் சேர்ந்தவள்.

"எனக்கு இருக்கேம்மா," என்றார் தலைவர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் படத்தைத் தரும் செயற்கைக்கோள் தானாக அலை எதையும் அனுப்பிப் பார்ப்பதில்லை. தரையிலிருந்து கிளம்பி வரும் நுண்ணலைகளை வாங்கிக்கொள்வதோடு சரி. வழியில் மேகத்துக்குள் பனிக்கட்டி இருந்தால் அலை சிதறிவிடும். திரையில் அந்த இடம் குளிர்ந்து தெரியும். மலைமேல் பழைய பனி சும்மா படுத்துக் கிடந்தாலும் அதே கதைதான்.

போன வாரம் இப்படி ஒரு குழியை நம்பித்தான் சைரன் ஊதினார்கள். அடிவாரத்து ஊரே விழுந்தடித்து ஓடி ஒளிந்தது. ஒரு தூறல் இல்லை. மறுநாள் கடைத்தெருவில் தலைவரைப் பார்த்தவர்களெல்லாம் குடையை விரித்துக் காட்டினார்கள்.

இன்று அடிவாரத்து மைதானத்தில் பள்ளி விளையாட்டுப் போட்டி. பிள்ளைகள் அத்தனை பேரும் வெட்டவெளியில். மேகம் அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை பொய்யாக ஊதினால், நிஜமாக ஊதும் நாளில் ஒருவரும் நகரமாட்டார்கள்.

அதற்காகத்தான் மலைமேல் ஒரு ஆளை வைத்திருந்தார்கள். மேட்டுக்காரர் என்பார்கள். வானத்திலிருந்து எது விழுந்தாலும் போன் செய்து ஒரே வார்த்தை சொல்வார். மழை. பனி. ஆலங்கட்டி.

இன்று போன் வரவில்லை.

"விழுந்திருந்தா மனுஷன் கூப்பிடாம இருப்பாரா? தரைப்பனின்னு பதிஞ்சிடு."

அவள் பதியவில்லை. மேட்டு எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"மணி அடிக்குது சார். எடுக்கல."

"பாத்ரூம் போயிருப்பாரு. விடும்மா."

"அவர் வீட்டுக்குள்ள டவர் கிடைக்காது சார். மணி அடிக்குதுன்னா போன் முற்றத்துல இருக்கு."

"என்னமோ அங்கயே குடியிருந்த மாதிரி பேசுற!"

அவள் பதில் சொல்லும் முன் போன் அடித்தது. மேட்டு எண். தலைவர் பாய்ந்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

மேட்டுக்காரர் குரல் இல்லை. யாரோ மூச்சு வாங்கினார்.

"பக்கத்து வீடுங்க. இப்பதான் வெளிய வந்தேன். இவரு முற்றத்துல விழுந்து கிடக்காரு. போன் கையிலயே இருக்கு. மண்டையெல்லாம் ரத்தம்... மூச்சே இல்லீங்க. நீங்க இவருக்கு என்ன வேணும்?"



அவள் போனருகே குனிந்தாள். "பக்கத்துல கட்டி கிடக்கா?"

"என்னம்மா கேக்குற? இங்க ஒரு மனுஷன்..."

"எவ்வளவு பெரிசு? சொல்லுங்க!"

"கை முஷ்டி அளவு. முற்றம் பூரா."

தலைவரின் உத்தரவுக்கு அவள் காத்திருக்கவில்லை. சைரன் பொத்தானை அழுத்தினாள். மைதானத்து கேமராவில் பிள்ளைகள் கட்டிடத்தை நோக்கிச் சிதறி ஓடினார்கள். கடைசிப் பிள்ளை உள்ளே போய்க் கதவு மூடும்வரை அவள் கண் அசையவில்லை.

இந்த வயதில் இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று தலைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதோடு சேர்த்துக்கொண்டாள்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? உள்ள கம்பளி இருக்கும். எடுத்துப் போர்த்தி விடுங்க. அப்பாவுக்குக் குளிர் ஆகாது."