முதல் சங்கு

பிஸ்கட் ஆலையை ஓட்டும் பழைய கணினி நிரலைத் தமயந்தி புது மொழியில் மாற்றி எழுதிய மறுநாள் காலை, ஓவன் மேஸ்திரி சவரியப்பன் ஆட்களோடு வந்து நின்றார். "முதல் சங்கு ஊதலையே மேடம். அது ஊதினாத்தான எங்களுக்கு டீ? ரெண்டாவது ஊதினா வேலை ஆரம்பிச்சிடும்."

டீக்கென்று நிரலில் ஒரு வரிகூடக் கிடையாது. ஓவன் சூடாகிவிட்டதா, சங்கு ஊதுகிறதா என்று இரண்டு கேள்விகள்தான்; காலையில் ஓவனை மூட்டியதும் ஒரு தடவை, சூடாகும் நேரத்தில் மறுபடி ஒரு தடவை. இரண்டுக்கும் ஆம் என்றால் மாவு உள்ளே போகும். சங்கை ஊதிப் பார்த்துத்தான் அதற்குப் பதில் தெரியும். பழைய மொழியோ, ஓவன் சூடாகவில்லை என்று தெரிந்த பிறகும் விடாமல் சங்கையும் கேட்டிருக்கிறது. புது மொழி கெட்டிக்காரி. முதல் 'இல்லை'யோடு கடையைக் கட்டிவிடுகிறாள்.

இத்தனை வருடமும் இவர்களுக்கு டீ கொடுத்தது அந்த வெகுளித்தனமா! தமயந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சங்கை முதலில் கேட்கும்படி இரண்டு கேள்விகளையும் முன்பின்னாக மாற்றிப் போட்டாள்.

மறுநாள், சில்லென்று கிடந்த ஓவனுக்கு மேலே சங்கு அலறியது. புதிதாக வந்திருந்த மேலாளர் பதறி ஓடிவந்தார். "ஓவனே இன்னும் சூடாகல, எதுக்கும்மா ஊதுது?"

"டீ சூடாயிடுச்சு சார்," என்றாள் தமயந்தி, சவரியப்பன் நீட்டிய முதல் டம்ளரை வாங்கிக்கொண்டே.