ஊசிக்கு முன்

ஸ்கேன் திரையில் அந்தக் கறுப்பு வட்டம் மிகச் சுத்தமாக இருந்தது.

அதுதான் அவளை உறுத்தியது.

சீழ் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. அதில் ஏதாவது மிதக்கும்; ஏதாவது படிந்திருக்கும்.

கட்டிலில் சந்தியாகு படுத்திருந்தார். தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் விலை கூவுபவர். பித்தப்பை அழற்சியில் ஒன்பது நாள் காய்ச்சல் உடம்பைக் கரைத்திருந்தது. குரலை மட்டும் விட்டு வைத்திருந்தது.

வலது விலாவுக்குக் கீழே பழுப்பு நிறக் கிருமிநாசினி தடவியாயிற்று. அறுவை மருத்துவர் தனபாலனின் கையில் நீண்ட ஊசி. ஸ்கேன் மருத்துவரான அவள் வேலை, இடம் காட்டுவது. குத்துவது அவர் வேலை.

"காட்டும்மா. சீழ்க்கட்டிதான். உறிஞ்சி எடுத்தா காய்ச்சல் விட்டுரும்."

"கலர் போட்டு ஒரு தடவை பார்த்துக்கிறேன் சார்."

"டாக்டரம்மாவுக்குப் படம் கலர்லதான் ஓடணும்."

செவிலி சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க."

ஏலக்காரரின் நெஞ்சு அசையாமல் நின்றது.

ஊசிமுனைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

வட்டத்தின் ஒரு பாதி சிவந்தது. மறுபாதி நீலமாயிற்று. இரண்டும் ஒன்றையொன்று துரத்திச் சுழன்றன.

ஓடுவதற்கு மட்டுமே கருவி நிறம் காட்டும். சீழ் அன்று. இரத்தம்.

கல்லீரலுக்குச் செல்லும் தமனியின் சுவரை அழற்சி அரித்திருந்தது. அரித்த இடத்தில் அது மெல்லிய பையாக உப்பித் துடித்துக்கொண்டிருந்தது.

"சார்."

திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

தனபாலன் திரையைப் பார்த்தார். ஊசியை விலக்கினார். அதன் மூடியைப் பொருத்த முயன்றார். பொருந்தவில்லை. மறுபடி முயன்றார். அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"தொடை வழியா குழாய் விட்டு அந்தப் பையை அடைக்கணும்" என்றார் செவிலியிடம், தணிந்த குரலில். "வெடிக்கிறதுக்குள்ள. ஓடு."

சந்தியாகு மூச்சை விட்டார். தலையைத் திருப்பித் தட்டில் கிடந்த ஊசியைக் கண்டார்.

"குத்தலையா?"

"இல்ல அண்ணாச்சி."

"ஊசி வேண்டாமா! மாதாவே, தப்பிச்சேன்!"

ஏலக்கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் அந்தக் குரலில் சிரித்தார். வயிறு குலுங்கியது.

திரையில் சிவப்பும் நீலமும் குலுங்கின.

அவள் இடக்கையால் அவருடைய தோளைப் பற்றினாள்.

"அண்ணாச்சி, சிரிக்காதீங்க."

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.