மீன் செய்தி

காகித மைக், 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கிய சிறுமியின் கைக்கு வர இன்னும் மூன்று பேர்தான் பாக்கி.

டீச்சர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்றாம் வகுப்பில் திங்கள்கிழமை முதல் பாடவேளை செய்தி நேரம். பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைக் குழாயில் காகிதப் பந்தை ஒட்டிச் செய்த மைக்கைக் கை மாற்றிக்கொண்டே, சனி ஞாயிறில் நடந்ததை ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். அடுத்த பாடவேளையில் அதையே செய்தி நோட்டில் படமாக வரைய வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோர் பாடுதான் திண்டாட்டம். யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை சந்திக்கு வந்துவிடும்.

அதனால்தான் டீச்சர் ஒரு சட்டம் போட்டிருந்தாள். அவரவர் செய்தியை அவரவர்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் செய்தியைத் தொடக்கூடாது.

ரேடியோ சட்டத்துக்கெல்லாம் அடங்குகிற ஆளா? வாயில் எதுவும் நிற்காது என்பதால்தான் வகுப்பே அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், இரண்டு மணி நேரம் ஃபைலிலிருந்து தலையே தூக்காமல் காத்திருந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டீச்சரை அவள் பார்த்துவிட்டாள். "டீச்சர்!" என்று மாடி அதிரக் கத்தினாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கி ஓடிவிட்டாள்.

மார்பில் கட்டி. ஆறு மாதச் சிகிச்சை. இன்னும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இது தெரியவே கூடாத ஆள் இப்போது வகுப்பின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைமையாசிரியை. டீச்சருடையது தற்காலிக வேலை. இன்னொரு வருடம் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யத்தான் வந்திருக்கிறார். அடிக்கடி லீவு போட்ட இரண்டு பேரைச் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியவர். விஷயம் காதில் விழுந்தால் இவளுக்கும் சீட்டு கிழிந்துவிடும். வேலை போனால் வைத்தியமும் போச்சு.

மணி அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

மற்ற நாளில் "சரி சரி, அடுத்த ஆள்" என்று விரட்டுகிற டீச்சர், இன்று பல் விழுந்த பையனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

"அப்புறம்?"

பல்லைச் சோப்பு டப்பாவில் போட்டு வைத்ததை அவன் சொன்னான்.

"அப்புறம் என்ன ஆச்சு?"

அப்புறம் ஒன்றும் ஆகவில்லை. பாவம், அவன்தான் என்ன செய்வான்? ஆடுகிற இன்னொரு பல்லையும் ஆட்டிக் காட்டினான்.

அடுத்தவளின் பூனை துணிக்கூடையில் குட்டி போட்டிருந்தது. ஒவ்வொரு குட்டியின் நிறத்தையும் டீச்சர் விசாரித்தாள். அதற்கடுத்தவன் தன் செருப்பு பிய்ந்ததைச் சொன்னான். எந்தக் கால் செருப்பு என்று கேட்டாள்.

மைக் ரேடியோவின் கைக்கு வந்தது. இன்னும் இரண்டு நிமிடம்.

தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரேடியோ எழுந்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டீச்சரையே பார்த்தாள்.

"தொட்டியில அந்தக் குட்டி மீனை ரொம்ப நேரமா காணோம். தேடித் தேடிப் பார்த்தா, கல்லுக்குள்ள ஒளிஞ்சிட்டிருக்கு!"

வகுப்பே சலித்துக்கொண்டது. மறுபடியும் மீனா? எட்டு வாரமாக ரேடியோவுக்கு மீனை விட்டால் வேறு செய்தி கிடையாது. வீட்டில் மீன் வளர்க்கிறார்கள் போல என்று டீச்சரும் அதோடு விட்டிருந்தாள்.

இன்று அந்தக் குட்டி மீனைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

"சரி சரி, உட்காரு" என்றாள், எல்லா வாரமும் சொல்வது போலவே.

மணி அடித்தது. தலைமையாசிரியை சிரித்த முகத்தோடு எதையோ குறித்துக்கொண்டு வெளியே போனார்.

பிள்ளைகள் பாயில் கவிழ்ந்து வரைய ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் ரேடியோவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். நன்றி சொல்வதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

நோட்டில் மீன் தொட்டி. தொட்டியை ஒட்டி வரிசையாகப் பச்சை நாற்காலிகள். அதற்கு மேலே சிவப்பு எண் எரிகிற டோக்கன் பலகை. டீச்சருக்குத் தெரிந்த நாற்காலி, தெரிந்த பலகை. ஓரத்தில் படிக்கட்டு. அதில் ஃபைலும் கையுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி.

"யாருன்னு எழுதல டீச்சர். அது உங்க செய்திதானே, நீங்கதான் சொல்லணும்" என்றாள் ரேடியோ, நீலப் பென்சிலைத் தேடியபடி.

டீச்சரின் கண் படத்தில் இருந்த கடைசி நாற்காலிக்குப் போனது. அங்கே தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். துணிக்குக் கீழே ஒரு முடிகூட வரையப்படவில்லை. அவள் மடியில் சாய்ந்து ஒரு சிறுமி மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். அதற்கும் முந்தைய பக்கத்தை. ஏழு வாரத்திலும் அதே தொட்டி, அதே பச்சை நாற்காலி, அதே அம்மா. பின்னால் போகப் போக அம்மாவுக்கு முடி இருந்தது. முதல் பக்கத்தில் இடுப்பு வரை பின்னல்.

ஏழு பக்கத்திலும் சிவப்பு மையில் டீச்சர் போட்ட நட்சத்திரம். கூடவே அவள் கையெழுத்தில், 'மீன்கள் மிக அழகு.'

டீச்சர் பாயில் ரேடியோவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.

எட்டு வாரத்தில் அவளிடம் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.