இரண்டு கோடு, ஒரு புள்ளி

நானூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப்பக்கமும் நானூற்றுப் பன்னிரண்டு.

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கையிலிருந்த அட்டையில் இரண்டையும் எழுதினேன். தப்பாக இருக்கும் என்று மறுபடி கூட்டிப் பார்த்தேன். தப்பில்லை.

மேசையில் இன்னும் ஒரே ஒரு வாக்குச்சீட்டு கிடந்தது. சந்தேகம் என்று காலையிலேயே ஒதுக்கி வைத்தது.

தேர்தலில் நிற்பவள் என் மருமகள். நான் அவளுக்கு முகவர். முகவர் என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. எதிரே உட்கார்ந்து, எண்ணுகிறவர் கையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது. நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவன். மரக்கடையில் ஒரு பலகையைக் காட்டிவிட்டு வேறு பலகையை வண்டியில் ஏற்றுவார்கள். அதனால் என் கண்ணைத் தவிர எதையும் நம்புவதில்லை.

எதிரே இருந்தவர் நாலு தடவை ஜெயித்த கவுன்சிலர். ஊர்க் குப்பையையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொட்டலாம் என்று நகராட்சியில் தீர்மானம் போட வைத்தவர். மருமகளுக்கு ஜெராக்ஸ் கடை. மனுப் போட்டு அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கினாள். கீழே இருந்த கையெழுத்துகளில் ஒன்று, கூட்டம் நடப்பதற்குப் பத்து நாள் முன்பே செத்துப்போன உறுப்பினருடையது. அதைப் பெரிதாக்கிக் கடை வாசலில் ஒட்டினாள்.

கவுன்சிலர் சிரித்துவிட்டு ஐந்தாவது தடவையும் நின்றார். அதனால் இவளும் நின்றாள்.

இவள் தோற்றால் அடுத்த வாரமே குப்பை லாரி வரும். என் பேத்தி படிப்பது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

அதிகாரி சீட்டைப் பிரித்தார். முத்திரை விழுந்திருந்தது ஏணியில். எங்கள் சின்னம். படம் வரைந்தவனுக்கு ஏணியே தெரியாது, ஐந்து படியில் நாலு கோணல்.

"கோட்டைத் தொடுது சார், செல்லாது!" என்று கவுன்சிலர் மேசையைத் தட்டினார்.

அதிகாரி அளவுகோலை வைத்துப் பார்த்தார். முத்திரை பெரும்பாலும் கட்டத்துக்குள்தான், செல்லும் என்றார். அப்புறம் சீட்டின் மூலையை விரலால் தேய்த்தார். அங்கே மங்கலாக இரண்டு கோடு, ஒரு புள்ளி. மடித்தபோது மை ஒட்டியிருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். கவுன்சிலர் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருக்கு முத்திரைதான் தெரிந்தது, மூலை தெரியவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரே ஓட்டில் வெற்றி.

நான் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிக்கொண்டேன்.

மருமகள் எழுந்து வந்தாள். சீட்டைத் தொடவில்லை. தலையை மட்டும் சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மூலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மை இல்ல சார், பென்சில். பளபளக்குது பாருங்க. ஓட்டுப் போட்டவங்க அடையாளம் போட்டிருக்காங்க. செல்லாது."

கவுன்சிலர் அப்போதுதான் சீட்டின் மூலைப் பக்கம் குனிந்தார். நாலு தேர்தல் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் யாரையும் லேசில் மெச்சுகிறவன் இல்லை. மரத்தையே அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்லது என்பேன். இவளைப் பெண் பார்த்த அன்றைக்கும், பேச்சு கொஞ்சம் அதிகம் என்றுதான் சொன்னேன். அந்த மேசையருகே நின்றது வைரம் பாய்ந்த மரம்.

சமமாகிவிட்டதால் குலுக்கல். தண்ணீர்க் குவளையைக் காலி செய்து, துடைத்து, இரண்டு பெயரையும் எழுதிப் போட்டார்கள்.

வந்தது கவுன்சிலர் பெயர்.

வெளியே காத்திருந்த என் மகனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வீடு வரைக்கும், எந்த மடையன் கோடு போட்டான், கை விளங்குமா அவனுக்கு என்று திட்டிக்கொண்டே வந்தான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"திட்டாதீங்க. ஏணிக்குத்தானே குத்தியிருக்காங்க? நம்மள நம்பாம இல்ல, பெட்டிய நம்பாம போட்டிருப்பாங்க" என்றாள் மருமகள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தாள். செத்தவர் கையெழுத்தை வைத்துக் கோர்ட்டில் தடை வாங்க, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் பத்துப் பேர் காகிதத்தோடு வந்து நின்றார்கள். மேசை இழுப்பறை இறுகிக்கொண்டது, வந்து பாருங்கள் என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

நான் செய்து கொடுத்த மேசைதான். இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்தேன்.

பலகை மூலையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி.

மரக்கடையில் பலகை மாறாமல் இருக்க நான் போடும் குறி. வீட்டில் கதவு, அலமாரி, பேத்தியின் தொட்டில், எதைத் திருப்பினாலும் இருக்கும். நம்பிக்கை இல்லாத இடத்தில் கை தானாகப் போட்டுவிடும்.

மருமகள் குனிந்து அதைப் பார்த்தாள். மற்ற யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"அடுத்த தடவை ஓட்டுப் போடப் போறப்ப, பென்சில எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க மாமா."

காதிலிருந்து எடுத்து அப்போதே கொடுத்துவிட்டேன்.