பையோடு வந்த பூட்ஸ்

“விருந்தாளியோட பூட்ஸைப் போட்டுக்கிட்டு ராத்திரி எங்கடி சுத்தின?” என்று மதாம் சோலான்ஜ் கேட்டாள்.

பிரான்ஸின் செவென் மலையில் நடைப்பயணிகள் தங்கும் அவளது விடுதியில் எனக்கு வேலை. பைகள் வேனில் முன்னதாக வந்துவிடும். ஆட்கள் மாலையில் நடந்து வருவார்கள். ஒரு பைக்கு மட்டும் ஆள் வரவில்லை. அதில் கட்டியிருந்த பூட்ஸ் சுத்தமாகத்தான் வந்தது. காலையில் ஈரச் சேறு அப்பியிருந்தது.

“நான் தொடலை மதாம்.”

“பின்ன, அதுவாவே நடந்துச்சா? கழுவி என் அறையில வச்சுப் பூட்டுறேன். நாளைக்குச் சேறு இல்லேன்னா நீதான். மூட்டையைக் கட்டு.”

மறுநாளும் சேறு இருந்தது. என் வேலை தப்பியது. மதாம் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அறைச் சாவி அவள் கழுத்தில் கிடந்தது. அவளுடைய குதிகால்களில் கொப்புளங்கள் உடைந்திருந்தன.

பிறகு அந்தப் பூட்ஸை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மலைப்பாதையில் நடந்து போனாள்.