கொண்டையில் ஒரு டெஸ்டர்

“வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எல்லா ஒயரையும் நானே இழுத்தேன் தம்பி. ஒரு எலக்ட்ரீஷியன் கை படலை” என்றாள் வீட்டுக்கார அம்மாள். அவள் கொண்டையில் ஊசிக்குப் பதில் ஒரு டெஸ்டர் செருகியிருந்தது.

வாசலில் நின்ற மின்வாரியப் பயிற்சி ஆய்வாளன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். ஆறு மாதமாக அதிகாரியின் பின்னால் பை தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன். இன்றுதான் முதன்முறையாகத் தனியே வந்திருக்கிறான்.

“சமையலறையைப் புதுசா மாத்தியிருக்காங்க. ஒயரிங் விதிப்படி இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு வா” என்று காலையில் அதிகாரி சொல்லியிருந்தார். “அங்கே நீ எப்படி வேலை பார்க்கிறேங்கிறதை வெச்சுத்தான் உனக்கு வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கான்னு முடிவு.”

கூடத்தில் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “நல்லாப் பாருங்க தம்பி. மூணு மாசமா நான் செருப்போடதான் குளிக்கறேன்” என்றார், பேப்பரை இறக்காமலே.

“உங்களை யாரும் கேக்கலை” என்று அதட்டிவிட்டு, கையில் ஒரு எழுதும் அட்டையோடு அம்மாள் அவன் பின்னாலேயே சமையலறைக்குள் வந்தாள்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவுக்கு இடப்பக்கம் தொடங்கிச் சுவரை ஒட்டியே ஒரு சுற்று. பிறகு, சந்தேகத்துக்கு, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. அலுவலகத்தில் அவனுக்குச் ‘செக்குமாடு’ என்றே பெயர்.

“அம்மா, குழாய்க்கு ஒரு சாண் தூரத்துல பிளக் பாயிண்ட் வெச்சிருக்கீங்களே. தண்ணி தெறிச்சா ஆபத்து.”

“அங்கேயே அரைச்சு, அங்கேயே கழுவலாம்னு வெச்சேன்” என்றபடி அட்டையில் எதையோ குறித்துக்கொண்டாள்.

அந்த பிளக் பாயிண்டையே கழற்றினான். எர்த் ஒயர் எதிலும் சேராமல் பாம்புக் குட்டிபோல் உள்ளே சுருண்டு கிடந்தது. “இந்தப் பச்சை ஒயரை ஏன் மாட்டலை?”

“அது மிச்சம் தம்பி. அது இல்லாமலே மிக்சி ஓடுது.” மறுபடியும் ஒரு குறிப்பு.

மூன்றாவது, விளக்கு. சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் வைத்த டெஸ்டர் எரிந்தது. “ஃபேஸ்ல போட வேண்டிய சுவிட்சை நியூட்ரல்ல போட்டிருக்கீங்கம்மா. அணைச்சாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்குது.”

“விளக்கு அணையுதா, இல்லையா?”

“அணையுது.”

“அப்புறம் என்ன?”

நான்காவது, தண்ணீர் ஹீட்டர். விளக்குக்குப் போடும் மெல்லிய ஒயரை அதற்கு இழுத்திருந்தாள். “இது சூடேறி உருகிடும்மா!”

“சுவரே வெதுவெதுன்னு இருக்கு. மழை நாள்ல சாய்ஞ்சுக்க இதம்” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. பேப்பர் லேசாகக் குலுங்கியது.

அம்மாளின் பென்சில் நிற்கவே இல்லை. தன்மேல் புகார்தான் எழுதுகிறாள் என்று அவன் நினைத்தான்.

“தம்பி, நாளைக்கு என் மக கைக்குழந்தையோட வர்றா” என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க கையெழுத்துப் போடலேன்னா கரண்ட்டை நிறுத்திடுவாங்க. இதையெல்லாம் மெதுவா சரி பண்ணிக்கறேன். இப்போ கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.”

அவன் பேனாவைத் திறந்தான். மூடினான். மறுபடியும் திறந்தான்.

“குழந்தை வருதுன்னா சுத்தமாப் போட முடியாதும்மா. அது தவழ்ந்து போய் எதைத் தொடும்னு யாருக்குத் தெரியும்?”

“உங்க அதிகாரி எனக்கு ரொம்ப வேண்டியவர். நான் ஒரு போன் போட்டா உங்க வேலை என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும்மா. போயிடும்.” பேனா பைக்குள் போய்விட்டது.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அட்டையை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். “சரி, கிளம்புங்க.”

“இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கும்மா. எதிர்ப்பக்கமா.”

“அதான் பார்த்தாச்சே! இன்னும் எதுக்கு?”

“எனக்கு என்மேலயே நம்பிக்கை கிடையாதும்மா.”

வலப்பக்கம் தொடங்குவதற்காகக் கதவைச் சுவரிலிருந்து பாதி இழுத்தான். அதுவரை திறந்த கதவு மறைத்திருந்த பிரேக்கர் பெட்டி தெரிந்தது. “யாருக்காவது ஷாக் அடிச்சா தானா விழுந்து உயிரைக் காப்பாத்தற பிரேக்கர் இது. இந்த பட்டனை அமுக்கினா டப்புன்னு விழணும்.”

அமுக்கினான். விழவில்லை. இன்னொரு முறை அழுத்தி அமுக்கினான். அவன் திரும்பப் போட்டிருந்த விளக்கு கொஞ்சமும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

“இது வேலையே செய்யலைம்மா. இதோட அஞ்சு.”

“இருக்காது! அது நான் பார்த்துப் பார்த்து மாட்டினது!” அவனை விலக்கிவிட்டுத் தானே அமுக்கினாள். மூன்று முறை அமுக்கினாள். கூடத்தில் முதன்முறையாகப் பேப்பர் கீழே இறங்கியது.

அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. மேடைமேல் இருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அச்சடித்த தாளில் நான்கு கட்டங்கள், நான்கிலும் சரிக்குறி. ஐந்தாவது கட்டம் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“தம்பி… உங்க பரீட்சைக்குன்னு நான் வெச்ச தப்பு நாலுதான்!”